எம் வளவுத் தவளைகள்

நம் கல்லூரியின் பரிசளிப்பு விழாக்களிலே பிரதம விருந்தினராய் எழுந்தருளிய பெரியோர் மாணவர்க்குக் கூறிய அறிவுரைகளுள் ஒன்று ஆண்டுதோறும் தவறாது இடம்பெறும். "கிணற்றுத் தவளைகளாய் இராதீர்கள்" என்பதே அது. ஒருவர் அதனைத் தொடக்கத்திற் கூறுவார். மற்றொருவர் முடிவிற் கூறுவார். கூறாது விட்டவரை யாம் நினைவிற் கொணர இயலவில்லை. அதனைக் கேட்டுக் கைதட்டிய நாம் யாவரும் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்கள். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றில்லாத யாழ்ப்பாணத்திலே கிணறின்றி வீடில்லை. அக்கிணற்றிலே தவளையும் இருந்தது. காலையில் முகங்கழுவச் சென்றபோது நாம் முதற் கண்ட உயிர் பெரும்பாலும் அதுவே. ஆயினும் அதனை இகழ்தற்கன்றிப் பிறிதொன்றற்கும் எவரும் எடுத்துரைத்ததில்லை. இம்மலரின் பக்கங்கள் சிலவற்றை அதற்கு ஒதுக்குதல் தகும் என்று எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

தவளையெனப் பொதுவிற் கூறினும் அவையெல்லாம் ஒருகுலத்தன அல்ல. தவளை, தேரை, நுணல் என நம் முன்னோர் வேறு வேறு பெயரிட்டு வழங்கினர். நன்னூல் பயின்றோர் சூத்திர நிலைகளுள் 'தவளைப் பாய்த்து' என ஒன்று உளதென அறிவர். அப்பெயரை இட்டவர் அப்பாய்ச்சலைக் கண்டது ஏட்டிலன்று, வயல் வரம்பிலோ கிணற்றுக் கட்டிலோ ஆதல் வேண்டும். குறுந்தொகைச் செய்யுளொன்று, சுனையில் வாழும் தேரையின் குரலைக் கிளி கடியும் தட்டைப்பறையின் ஒலிக்கு ஒப்பிடுகின்றது. தேரையர் எனும் சித்தரின் பெயர்க்காரணமாக வழங்கும் கதையோ பலரும் கேட்டது. ஒருவனுடைய கபாலத்துள் தேரையொன்று புகுந்து மூளைமேல் அமர்ந்திருந்ததாம். அதனை எடுக்க அகத்தியர் வழி தெரியாது தயங்கி நிற்கையில், மாணாக்கர் ஒரு பாத்திரத்தில் நீரை ஏந்திக் காட்டினாராம். தேரை தானே நீரிற் பாய்ந்துவிட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, அதனைக் கட்டியவர் தேரையோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் என்பது எமது துணிபு. கோடையிலே எங்கள் குளியலறை வாளியை நிரப்பி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருப்பவர் எவரும் அக்கதையின் உண்மையைக் கண்டுகொள்ளலாம்.

எம் வளவு பெரியதன்று. நாலு பரப்புக்குச் சற்றுக் குறைந்தது. முன்னே முற்றம், பின்னே கிணறு, கிணற்றடியிலே சீமெந்துத் தொட்டி, தொட்டியினின்று வழியும் நீர் பாயும் வாழைப் பாத்தி, அதனையடுத்துத் தேசியும் நாலைந்து கமுகும், எல்லையிலே கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகு கட்டிய வேலி. இந்நிலத்துள் நாலு வகைத் தவளைகளை யாம் அறிவோம். ஒன்றன் இடத்திலே மற்றொன்று குடியிருப்பதில்லை. நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழர் வளவையும் பகுத்திருப்பாராயின், பகுதிதோறும் கருப்பொருளாக ஒரு தவளையை வைத்திருப்பர்.

முற்றமும் விறாந்தையும் சொறித்தேரைக்கு உரியன. பகலிலே பூந்தொட்டியின் அடியிலோ அடுக்கி வைத்த ஓட்டின் இடையிலோ கிடந்து, விளக்கேற்றும் வேளையிலே அது வெளிப்படும். பாய்தல் அதற்கு விருப்பமில்லாத தொழில். தவழ்ந்தும் சிறு துள்ளல் துள்ளியும் விளக்கின் கீழே வந்து, தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். மாரியின் முதல் மழைக்கு மறுநாள் ஈசல் எழும்பும்போது அதன் விருந்தைக் காண வேண்டும். நாக்கின் வேர் நமக்குப் போல் தொண்டைப் பக்கத்தே அன்றி வாயின் முன்புறத்தே இருத்தலின், அது நாவை நீட்டுவதும் இழுப்பதும் கண்ணுக்குப் புலனாகா. ஈசல் இருந்தது, பின் இல்லை, அவ்வளவே. விழுங்கும்போது கண் இரண்டையும் மூடும். உண்டியின் சுவையிலே மெய்ம்மறந்து மூடுகின்றதென்று சிறுவயதில் நினைத்திருந்தோம். கண் விழிகள் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குட் தள்ளுகின்றன என்பதை உயர்வகுப்பு விலங்கியலாசிரியர் விளக்கியபோது, அறிவியல் சில வேளைகளிற் கற்பனையை வென்றுவிடுகின்றது என்று எண்ணினோம்.

சொறித்தேரையைத் தொட்டால் கையிற் பாலுண்ணி வருமென்பது ஊர்வழக்கு. பாலுண்ணியை ஆக்குவது மனிதரிடையே தொற்றும் ஒரு வைரசு. தேரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் அதன் கண்ணுக்குப் பின்னே புடைத்திருக்கும் சுரப்பிகளிலே நஞ்சுண்டு. வீட்டு நாய் அதனைக் கௌவி, நுரை கக்கி, முற்றமெல்லாம் ஓடியதை இருமுறை கண்டோம். அதன் பின்னர் அந்த நாய் தேரையைக் கண்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். ஆதலின் தொட்டவர் கை கழுவிக்கொள்வது நன்று. அஞ்சவேண்டுவது இவ்வளவே.

வீட்டினுள்ளே குடியிருப்பது மெலிந்த இடையும் நீண்ட காலும் கொண்ட தேரை. விரல் நுனியிலே வட்டமான பற்றுத் தட்டுகள் இருத்தலால் சுவரிலும் கதவிலும் ஏறும். ஆங்கிலேயர் இதனைச் 'சுணாம்' தவளை என்று அழைத்தனர். சுண்ணம் என்னும் நம் சொல்லே அவர் வாயில் அவ்வாறு திரிந்தது. சுண்ணாம்புச் சுவரிலே ஒட்டிக்கொண்டு, அச்சுவரின் நிறத்தையே தானும் கொண்டிருக்கும் இதற்கு அப்பெயர் பொருந்தும். கோடை தொடங்கியதும் குளியலறையின் மூலை, தண்ணீர்க் குழாயின் பின்புறம், கதவின் தாழ்ப்பாட் துளை, குடத்தின் அடி என ஈரமுள்ள இடமெல்லாம் இதற்கு வீடாகும். கை கால்களை உடலின் கீழே மடக்கி, கண்ணை மூடி, சுவரோடு சுவராய்ப் பகல் முழுதும் அசையாது இருக்கும். உடலின் நீர் ஆவியாய்ப் போகாதிருக்க அது கொள்ளும் நோன்பு அது. தவளையினம் வாயால் நீர் குடிப்பதில்லை. தோலாலேயே குடிக்கின்றது, ஓரளவு தோலாலேயே மூச்சும் விடுகின்றது. ஆதலின் ஈரந்தான் அதன் உயிர்.

இதனை வீட்டை விட்டு அகற்ற எம் இல்லத்தார் செய்த முயற்சிகள் ஒரு புராணத்துக்குப் போதியன. விளக்குமாற்றால் ஒதுக்கினால் கூரைக்கு ஏறும். சிரட்டையால் மூடிக் கடதாசியைக் கீழே செருகி எடுத்து வேலியோரம் விட்டால், மூன்றாம் நாள் அதே தாழ்ப்பாட் துளையிலிருந்து அதே முகம் எட்டிப் பார்க்கும். ஐந்தாறு வளவு தள்ளிக் கோயிற் கேணியடியில் விட்டும் பார்த்தோம். அது திரும்பியதோ, அவ்விடத்துக்கு வேறொன்று வந்து சேர்ந்ததோ, ஒரு கிழமைக்குள் அத்துளை வெறுமையாய் இல்லை. இறுதியிலே தாழ்ப்பாளைப் போடுமுன் கதவை இருமுறை தட்டுவது வீட்டின் வழக்கமாயிற்று. வந்த விருந்தினர் இவ்வழக்கத்தின் காரணம் அறியாது, குளியலறையுள் ஆளிருக்கின்றார் போலும் என மயங்குவதுண்டு.

கிணற்றுள் இருப்பது வேறொரு சாதி. நீரின் மேற்பரப்பிலே கண் இரண்டையும் மூக்கையும் மட்டும் காட்டி மிதக்கும். வாளி விழும் ஒலி கேட்டதும் நீர்மேல் தட்டுத் தட்டாய்த் தாவிச் சென்று கற்கட்டின் இடுக்கில் மறையும். குளத்திலும் கேணியிலும் வாழும் பெரிய பச்சைத் தவளை எம் வளவுக்கு உரியதன்று. மழை மிகுந்த ஆண்டுகளிலே வாழைப் பாத்தியில் அதனைக் காண்போம். புழு பூச்சிகளேயன்றி இலையும் பாசியும் அது மிகுதியாய் உண்ணும். தவளைகளுள் இது அரிதான இயல்பு. எம் ஆச்சி அதனைச் 'சைவத் தவளை' என்பார். முழுச் சைவமன்று என்பதை அவருக்குக் கூறி அவர் மனத்தை நோவச் செய்ய எவரும் விரும்பவில்லை.

நாலாவதே நுணல். ஆண்டில் ஒன்பது பத்து மாதம் அதனை எவரும் காணார். பந்துபோல் உருண்ட உடலும் குறுகிய காலும் உடைய அது, பின்னங்காலால் மண்ணைத் தோண்டிப் பின்புறமாகவே உள்ளிறங்கி, ஈரம் எட்டும் ஆழத்தில் உறங்கிக் கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்றின் முதற் பெருமழை, ஒக்டோபரிலோ நவம்பரிலோ, மண்ணை ஊறச் செய்த இரவிலே வெளிவந்து, தேங்கிய நீரில் மிதந்து, உடலினும் பெரிதாய்த் தொண்டையை ஊதிக்கொண்டு கூவும். சில இரவுகளிலேயே கூடி, முட்டையிட்டு, மறுபடியும் மண்ணுட் புகும். முட்டையும் வாற்பேத்தையும் நீர் வற்றுமுன் முதிர வேண்டும். அவ்வோட்டத்திலே தோற்பனவே பல.

மாரியின் முதலிரவிலே இவை யாவும் ஒருங்கே எழுப்பும் ஓசையை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஓயாது பேசுபவனை 'மாரித்தவளை' என்று கூறும் ஊர் நம்மூர். ஆயினும் கூவுவன ஆண் தவளைகளே என்பதையும், அவ்வொலிகளுள் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு சுரம் உண்டென்பதையும், இருளிலே தன் இனத்தின் குரலைத் தேர்ந்தே பெண் வருகின்றது என்பதையும் அறிந்த பின்னர், அவ்விரைச்சல் எமக்கு இரைச்சலாய்க் கேட்டதில்லை. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்திலே 103 ஆவது சூக்தம் தவளைகளைப் பற்றியது. ஓராண்டு விரதங் காத்துக் கிடந்து மழை கண்டதும் குரலெழுப்பும் தவளைகளை வேதம் ஓதும் அந்தணரோடு அது ஒப்பிடுகின்றது. அதிலே பரிகாசம் உண்டென்பார் சிலர், இல்லையென்பார் சிலர். விடுதியிலே பரீட்சைக்கு முந்திய இரவில் நாற்பது பேர் உரக்கப் படிப்பதைக் கேட்டவர்கள் ஒப்புமையின் பொருத்தத்தையேனும் ஒத்துக்கொள்வர்.

கூவுதலில் ஆபத்தும் உண்டு. தன் வாயாற் கெடும் நுணலைப் பற்றிய பழமொழி பாம்பை மனத்திற் கொண்டு பிறந்தது. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் தவளை தேடி வளவுக்கு வருவன. தவளை உள்ள வீட்டுக்குப் பாம்பு வரும் என்று அயலார் கூறுவதை முற்றும் மறுத்தற்கில்லை. பாம்பின் வாய்ப்பட்ட தேரையை அப்பர் சுவாமிகள் தேவாரத்திலே உவமையாக்கியதை ஓதியிருக்கின்றோம். ஒரு நள்ளிரவிலே வாழைப் பாத்தியில் அத்தேரையின் குரலையே கேட்டபோதுதான் அவ்வுவமையின் கனம் எமக்கு விளங்கிற்று. நீண்டு, மெலிந்து, குழந்தை அழுவது போன்று, இடைவிட்டு இடைவிட்டு எழுந்து, பின் ஓய்ந்துவிட்ட குரல் அது. விளக்கைக் கொண்டு சென்றோம். சாரை தலையை உயர்த்தி எம்மைப் பார்த்தது. அது அதன் உணவு. யாம் திரும்பி வந்தோம்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே தவளை பட்ட பாட்டையும் ஈண்டுக் கூறாது விடலாகாது. மெழுகுத் தட்டிலே மல்லாத்தி, ஊசியால் நாலு காலையும் குத்தி, நாம் அறுத்துப் பார்த்த இதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டே இருந்தது. தவளைக்காலின் துடிப்பினின்றே மின்னைப் பற்றிய ஆராய்ச்சி கிளைத்தது என்றும், கல்வானி என்பார் அதனை 1791 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார் என்றும் ஆசிரியர் கூறினார். 1912 ஆம் ஆண்டிலே குடர்நாற்ச் என்பார் வாற்பேத்தைகளுக்குக் குதிரையின் தைரொயிட்டுச் சுரப்பியை உணவாய்க் கொடுத்து, அவை உரிய காலத்துக்கு முன்னரே ஈயளவான தவளைகளாய் மாறக் கண்டதும் அவ்வகுப்பிற் கேட்டதே. அன்று நம்மோடு அறுத்தவர்களுள் பலர் வைத்தியராயினர். நோயாளர் அவர்க்கு நன்றி கூறுகின்றனர். தவளைக்கு நன்றி கூறியவர் எவரையும் யாம் இன்னும் சந்திக்கவில்லை.

இனிக் கூறப்போவது சற்று வேறானது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட இரவை இம்மலரைப் படிப்போருட் பலர் தம் காலாலே அறிவர். மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியிலே கூட்டம் அசையாது நின்ற வேளைகளில், வீதியின் இருமருங்கும் நீர் நின்ற வயல்களிலிருந்து தவளைகள் கூவிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு மாரி அவற்றுக்கு வழக்கமான மாரியே. எமக்கருகே நின்ற சிறு பிள்ளையொன்று, "இதுகள் எங்கை போகப் போகுதுகள்?" என்று கேட்டது. அதற்கு விடை சொன்னவர் எவருமில்லை.

1996 ஆம் ஆண்டு சித்திரை கழிந்து யாம் வளவுக்கு மீண்டோம். ஓடுகள் பாதி இல்லை. முற்றம் புல்மண்டிக் கிடந்தது. ஆறு மாதமாய் எவரும் இறைக்காத கிணற்றிலே பாசி படர்ந்து, பூவரசம் இலை விழுந்து ஊறி, நீர் கறுத்திருந்தது. அதனுள்ளே யாம் முன்னொருபோதும் கண்டிராத அளவு தவளைகள்! கற்கட்டின் இடுக்குதோறும் ஒன்று. குளியலறையின் தாழ்ப்பாட் துளையிலே தேரை இருந்தது. வீட்டைக் காத்திருந்தவர் இவரே போலும் எனக் கூறிச் சிரித்தோம். சிரித்த பின்னர் எவரும் பேசவில்லை. கிணற்றை இறைத்துச் சேறெடுத்துக் கழுவ ஆட்கள் வந்தபோது, தவளைகளை அள்ளி வெளியே போடலாமா என்று கேட்டார்கள். ஆச்சி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுக்காதேங்கோ தம்பி. நாங்கள் இல்லாத நேரம் இஞ்சை இருந்ததுகள். நாலைஞ்சை விடுங்கோ" என்றார். விட்டார்கள். அன்று மாலையிலே அடுப்பு மூட்டியபோதும் வாளி விழும் ஒலியும் நீரில் ஏதோ தாவும் ஒலியும் முன்போலக் கேட்டன. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பதை எமக்கு உணர்த்தியவற்றுள் அவ்வொலியும் ஒன்று.

அழிவினின்று எழுந்த ஊர் புதிதாய்க் கட்டப்பட்டது. அது வேண்டுவதே. கிடுகு வேலி நின்ற இடத்தில் மதில் எழுந்தது. முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்தார்கள். கிணற்றுக்கு வலை போட்டு மூடினார்கள். சிலர் குழாய்க்கிணறு தோண்டினர். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு தவளை போயிற்று. அயல் வளவுகளிலே யாம் கண்டவாறு கூறுவதாயின், முதலிற் போவது நுணல். மூடிய முற்றத்திலே மண்ணைத் தோண்ட இயலாதன்றோ. மதில் எழும்பியதும் சொறித்தேரைக்குப் போக்குவரத்து நின்றுவிடும். வேலியின் அடியிலே அதற்கு வழியிருந்தது, மதிலின் அடியிலே இல்லை. சுவரேறும் தேரை மட்டும் இறுதிவரை நின்றுபிடிக்கும். தோட்ட நிலங்களிலே கதை வேறு. அங்கே தெளிக்கும் நாசினியும் இடும் உரமும் சுண்ணக்கல்லினூடே நிலநீரிற் கலக்கின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று வரம்பை மீறியிருத்தலை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சத்தையும் மறந்திலோம். அந்நாட்களிலே நீரை முகர்ந்து பார்த்த முதியவரொருவர், "தவளை கிடக்குதோ எண்டு முதல்லை பாருங்கோ" என்று கூறக் கேட்டோம். ஆய்வுகூடச் சான்றுக்கு அது ஈடாகாது. எனினும் தோலாலே நீர் குடிக்கும் உயிர் ஒன்றை நம்பி அவர் கூறியது முற்றும் பிழையென்று தள்ளவும் எமக்கு மனமில்லை.

இலங்கையின் தவளைகளைப் பற்றிக் கீர்த்திசிங்க என்னும் பேராசிரியர் 1957 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அன்று அறியப்பட்ட இனங்கள் நாற்பதுக்கு உட்பட்டன. 2002 ஆம் ஆண்டிலே, இத்தீவின் மழைக்காடுகளில் மரத்தவளைகள் மட்டுமே நூறளவிலுண்டு என 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த கட்டுரை உலகை வியக்கச் செய்தது. இன்று பெயரிடப்பட்டன நூறுக்கு மேல். அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்நாட்டிலும் இல்லாதவை. அதே வேளை, முன்னோர் கண்டு போத்தலில் இட்டுவைத்த இனங்கள் இருபதளவு மீண்டும் காணப்படாமலே அழிந்தன எனவும் கணக்கிட்டனர். அழிந்ததென எண்ணிய ஒரு சிறு தேரை நூற்றாண்டுக்கு மேல் மறைந்திருந்து 2009 இலே சிவனொளிபாதமலைக் காட்டில் மீளக் காணப்பட்டது ஓர் ஆறுதல். உலகளவிலே ஈரூடகவாழிகளில் நூற்றுக்கு 41 பங்கு அழிவை எதிர்நோக்குகின்றன என 2023 ஆம் ஆண்டின் மதிப்பீடு கூறுகின்றது. எம் வளவுத் தவளைகள் அப்பட்டியலிலே சேர்ந்தவை அல்ல. அவை எளியவை, எங்கும் உள்ளவை. எங்கும் உள்ளது ஒன்று எம் ஒழுங்கையில் இல்லாது போவதை எந்தப் பட்டியலும் காட்டமாட்டாது.

இவ்விடத்தே எம் வீட்டில் எழுந்த ஒரு வழக்கைக் கூறவேண்டும். தேரை தன் முட்டையை நீரில் இடுவதில்லை. நீருக்கு மேலே, தொட்டியின் உட்சுவரிலே, பெண் தேரை ஒருவகை நீர்மத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அந்நுரையுள் சில நூறு முட்டையை வைக்கும். காலையிற் பார்த்தால் சவர்க்கார நுரையை எவரோ அப்பியது போலிருக்கும். வெளிப்புறம் காய்ந்து மஞ்சளாய்த் தடிக்கும், உட்புறம் ஈரமாயிருக்கும். சில நாளில் முட்டை பொரித்து, நுரை இளகி, வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாய் நீரிற் சொட்டும். காலும் கையும் முளைத்து அவை கரையேற ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும்.

டெங்கு நுளம்போ ஒரு கிழமை, பத்து நாளிலே முட்டையினின்று சிறகு பெற்றுப் பறந்துவிடும். அதுவும் முட்டையை ஒட்டுவது தொட்டியின் உட்சுவரிலே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. ஆதலின் கிழமைக்கொரு முறை நீரை ஊற்றி உட்சுவரைத் தேய்த்துக் கழுவுக என்பது சுகாதாரப் பகுதியார் விதி. அதனைத் தவறென்று கூற எவர்க்கு நாவெழும்? 2017 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் ஓரிலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவினால் வருந்தினர். எம் ஒழுங்கையிலேயே ஒரு பள்ளிப் பிள்ளையை அந்நோய்க்குப் பறிகொடுத்தோம். மலேரியா ஒழிந்த நாடென 2016 இலே சான்று பெற்றோம். அவ்வாண்டின் இறுதியிலேயே கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் புதிய மலேரியா நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே தேய்க்கத்தான் வேண்டும். தேய்த்தால் தேரையின் நுரையும் போகும். தவளை நுளம்பைத் தின்னும், தொட்டியை அப்படியே விடலாம் என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. தவளை தின்பது எதிர்ப்படும் பூச்சியை. நுளம்பைத் தேடித் தின்ன அது நமக்கு வேலைக்காரனல்லன். கிணற்றில் விடும் மீனே கூத்தம்பிகளைத் தின்பதில் வல்லது. அம்மீன் வாற்பேத்தையையும் விட்டுவைப்பதில்லை.

பலநாட் பேச்சுக்குப்பின் வீட்டார் கண்ட வழி இது. தொட்டியைக் கிழமைதோறும் தேய்ப்பது. தேய்க்குமுன் நுரை இருக்குமாயின், வாழைமடலால் அதனை மெல்ல வழித்தெடுத்து, கமுகின் நிழலிலே வாயகன்ற மண்சட்டியொன்றின் மேல், மடலோடு குறுக்கே வைப்பது. சட்டியிலே மழைநீரும் சிறிது பாசியும். சட்டியின் வாயை நுளம்பு நுழையாத நெருங்கிய வலையாற் கட்டுவது. வாற்பேத்தைக்குப் பின்னங்கால் கண்டதும் ஏறிச்செல்ல ஒரு குச்சியைச் சாய்த்து, முன்னங்கால் கண்டதும் மாலையில் மட்டும் வலையை அவிழ்த்துவிடுவது. முதலாண்டிலே பாதி நுரை காய்ந்து போயிற்று. அதன்பின் வலைமேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டோம். சென்ற மாரியிலே மூன்று சட்டி வைத்தோம். மழை விட்ட ஒரு மாலையில், பெருவிரல் நகமளவான தேரைக் குஞ்சுகள் கமுகின் அடியிலே வாலின் மிச்சத்தோடு ஏறிக்கொண்டிருந்தன. அயற் பிள்ளைகள் எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேல் எண்ண முடியாது விட்டனர்.

தை மாதத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவு பார்க்க வந்தார். தொட்டியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தேங்காய்ச் சிரட்டை கிடக்கின்றதா என்று வேலியோரம் பார்த்தார். சட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார். "இது என்ன ஐயா?" என்றார். விளக்கினோம். வலையை அவிழ்க்கச் சொல்லி, மின்சூளை நீருக்குட் பிடித்து, நெடுநேரம் குனிந்து நோக்கினார். கூத்தம்பி ஒன்றுமில்லை. வலையைத் தம் கையாலேயே மறுபடி கட்டி, முடிச்சு இறுகியிருக்கின்றதா என இழுத்துப் பார்த்துவிட்டு, தம் புத்தகத்தில் எதையோ எழுதத் தொடங்கி, எழுதாது மூடிவைத்தார். தேநீர் அருந்துகையில், தம் வீட்டுக் குளியலறையிலும் ஒன்று இருப்பதாகவும், அதனை என்ன செய்வதென்று தமக்குத் தெரியவில்லையென்றும் கூறினார்.